அக்கா வீட்டு வெளிச்சம்

என் இரண்டு கண்களுக்கும் இப்போது ஒத்துப்போவதில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சுவர், தலையணை உறை, டம்ளரில் இருக்கும் பால் எல்லாம் பழைய கடிதத்தின் நிறத்தில் இருக்கின்றன. இடது கண்ணை மூடினால் அதே சுவர் நீலம் போட்டு அலசிய சட்டை மாதிரி வெளுத்து நிற்கிறது. இரண்டையும் திறந்து வைத்தால் ஒரு சமரசம் ஏற்படுகிறது, வேறு போக்கிடமில்லாத தம்பதிகளுக்குள் ஏற்படுவது போல.

புரை எடுத்து லென்ஸ் வைத்தது வலது கண்ணில். இடதுக்கு ஐந்து வாரம் கழித்து நாள் கொடுத்திருந்தார் கண் டாக்டர். கட்டுப் பிரித்த காலையில் அவர் சட்டையைப் பார்த்து நான் திகைத்துப் போனேன்.

"என்ன டாக்டர், எல்லாம் ஒரே நீலமா இருக்கு?"

"நீலமா இல்லம்மா. இதுதான் சரியான நிறம். இத்தனை வருஷமா மஞ்சக் கண்ணாடி வழியா பாத்துட்டு இருந்தீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏறினதால தெரியல."

"எத்தனை வருஷமா?"

"எட்டு இருக்கலாம், பத்து இருக்கலாம். ஏன், வேலைக்கு ஏதாவது தொந்தரவா இருந்துச்சா? என்ன வேலை பாக்கறீங்க?"

"பல் லேப்ல. பல்லுக்கு நிறம் பாத்துச் சொல்றது."

டாக்டர் ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். என் தொழிலைச் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கே பல்லைப் பார்த்துவிடுவேனோ என்ற பயம். எனக்கு அது பழகிப்போன ஒன்று. அவர் மூடிக்கொண்டது வேறு காரணத்துக்காக என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

எங்கள் லேப் சின்னது. ஓனர், நான், ஒரு உலை. மாடியில் பல் டாக்டர். முன்பல் உடைந்தவர்களுக்கு டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். நாங்கள் பீங்கானில் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, செய்து கொடுப்போம். கடைவாய்ப் பல் எந்த நிறத்தில் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். முன்பல் அப்படியில்லை. பக்கத்துப் பல்லோடு அது ஒத்துப்போகாவிட்டால் முகமே ஒட்டுப்போட்டது போல் ஆகிவிடும். அதனால் முன்பல்லுக்கு ஆளையே கீழே அனுப்பிவிடுவார்கள், என்னிடம்.

நான் அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். காலை பத்து மணி, வடக்கு ஜன்னல். உதட்டுச் சாயம் இருந்தால் துடைக்கச் சொல்லுவேன். கழுத்தில் சாம்பல் நிறத் துணி. பல் ஈரமாக இருக்க வேண்டும். ஒரு பட்டையில் வரிசையாகப் பதினாறு மாதிரிப் பற்கள் குத்தியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஏ-ஒன்று என்றால் வெளுப்பு, ஏ-நான்கு என்றால் பழுப்பு. ஒன்றைக் கழற்றிப் பக்கத்தில் பிடித்து ஐந்து விநாடி பார்க்கலாம். அதற்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லும். விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு அபிப்பிராயம்.

பெரிய லேப்களில் இதற்கு மெஷின் வந்துவிட்டது. எங்கள் ஓனர் வாங்கவில்லை. "எங்கிட்டதான் ஸ்கேனர் இருக்கே" என்று போனில் சொல்லுவார், என்னைப் பார்த்துக்கொண்டே. மாடி டாக்டரும் அப்படித்தான்: "ஸ்கேனர் பாத்தாச்சா?" எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. மறைப்பானேன், மிகவும் பிடித்திருந்தது.

*

அக்காவின் முன்பல் உடைந்தது ஆறு வருடங்களுக்கு முன்பு. பள்ளிக்கூட மாடிப்படியில் இரும்புக் கதவு திரும்பி வந்து முகத்தில் அடித்துவிட்டது. அவள் அப்போது ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

அவளுக்கு நான்தான் கேப் செய்தேன். அவளை மட்டும் ஜன்னலுக்குக் கூட்டிப் போகவில்லை, பதினாறு பற்களையும் எடுக்கவில்லை. ஓனர் ஷேட், அதாவது நிறத்தின் எண், எழுதும் சீட்டை நீட்டினார். "அக்கா பல்லுதானே, இதுக்கெல்லாம் பாக்கணுமா?" என்று சொல்லி ஏ-ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். ஓனர் அசந்துபோனார். நானும்தான்.

டாக்டர் மாட்டிவிட்டதும் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். அவள் நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். "அப்படியே இருக்குடி" என்றாள். அப்படியேதான் இருந்தது, என் கண்ணுக்கு.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இதை யாரிடமும் புகாராகச் சொல்ல முடியாது. பேசினாள், விசாரித்தாள், எனக்குக் காய்ச்சல் என்றால் என் வீட்டுக்காரருக்கு மூன்று முறை போன் போட்டாள். சிரிப்பு மட்டும் இல்லை. எங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். போன் மணி அடித்தால் முதலில் தலை வாரிக்கொள்வார், அப்புறம்தான் எடுப்பார். எடுத்து, "நான் இல்ல. வெளியே போயிருக்கேன். வந்ததும் சொல்றேன்" என்று சொல்லி வைப்பார். அவரைப் போல நான் பேசிக் காட்டினால் அக்கா எட்டு வயதிலிருந்து ஐம்பது வயது வரை சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்து, "போதும்டி, வயிறு வலிக்குது" என்று கெஞ்சும்வரை சிரித்திருக்கிறாள். உலகத்தில் நான் வேடிக்கையான பெண் என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். பல் கட்டிய பிறகு அதே சித்தப்பாவுக்கு அவள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டு "ம்" என்றாள். அந்தக் கை, தும்மலுக்கு வைப்பது போல அவ்வளவு மரியாதையாக இருந்தது.

நான் காரணம் தேடினேன். தேடுபவர்களுக்குக் கிடைக்காமல் போகுமா? அந்த வருடம்தான் மாமாவுக்குப் பதவி உயர்வு வந்தது. புது வீட்டுக்குப் போனார்கள். அக்கா வகுப்பை விட்டுவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் ஒரு தனியறைக்கு மாறினாள். என் வீட்டுக்கு வருவதைக் குறைத்தாள். "நீ வா, சாயங்காலமா வா" என்பாள். எப்போதும் சாயங்காலம். பெரிய மனுஷியிடம் நேரம் வாங்கிக்கொண்டு போவது போல நான் போவேன்.

அப்புறம் அந்த பல்புகள். புது வீட்டில் நல்ல வெள்ளை டியூப்லைட்டுகள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி, கூடம், சமையலறை, குளியலறைக் கண்ணாடி, வாசல் வரைக்கும் மஞ்சள் பல்பு மாட்டிவிட்டாள்.

"என்னக்கா இது, வீடா ஓட்டலா? மெனு கார்டைக் குடு, பாத்துச் சொல்றேன்" என்றேன் முதல் நாள்.

"கண்ணுக்கு இதமா இருக்குடி."

"யாருக்கு இதம்? எனக்குப் பேப்பர் படிக்கணும்னா பால்கனிக்குப் போக வேண்டியிருக்கு" என்றார் மாமா.

"நீங்க பேப்பரை வச்சிக்கிட்டுத் தூங்கறீங்க. அதுக்கு இந்த வெளிச்சம் போதும்."

மேஜைமேல் பல்பு வந்த அட்டைப் பெட்டி கிடந்தது. அதை எடுத்து நான் அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"இங்க பாரு, 2700-ன்னு போட்டிருக்கா? இது கெல்வின் கணக்கு. வெளிச்சத்தோட நிறத்துக்கு. எங்க வீட்டு டியூப்லைட் 6500. நீங்கள்லாம் மஞ்சள்னா வெதுவெதுப்பு, வெள்ளைன்னா குளிர்ச்சின்னு சொல்றீங்க. தலைகீழ்! என் உலையைத் திறந்தா உள்ள ஆரஞ்சா இருக்கும். இரும்பைக் காய்ச்சினா முதல்ல சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். இன்னும் எக்கச்சக்கமா சூடேறினாத்தான் வெள்ளை, அதுக்கும் மேல போனா நீலம். அப்ப எது சூடு? வெள்ளைதான் சூடு. இது பாதி வெந்த வெளிச்சம்."

அக்கா கையை வாய்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப இந்த வெளிச்சத்துல வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது, அப்படித்தானே?"

"எப்படித் தெரியும்? இதுல நீலமே கிடையாது. நீலம் இருந்தாத்தான் வெள்ளை வெள்ளையாத் தெரியும். இங்க எல்லாமே ஒண்ணுதான். அதுக்குத்தான் சொல்றேன், மாத்திடு."

"ம்" என்றாள் அக்கா. மாற்றவில்லை.

குறைந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து குறைவாகச் சிரிப்பது பணக்காரர்களின் பழக்கம் என்று முடிவு கட்டிக்கொண்டு நான் வீடு திரும்பினேன். அந்த முடிவை ஆறு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தேன். துணி மடிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் புஷ்டியாகியிருக்கும்.

*

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து லேபுக்குப் போனேன். "வாம்மா ஸ்கேனர்! ரிப்பேர் முடிஞ்சுதா?" என்று ஓனர் வாய் நிறையச் சிரித்தார்.

நான் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் நான் செய்தது. மற்ற பற்களெல்லாம் ஐம்பத்தெட்டு வயதுக்குரிய நிறத்தில் அடக்கமாக இருக்க, அது ஒன்று மட்டும் யாரோ அணைக்க மறந்த விளக்கு மாதிரி இருந்தது.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்ல. உங்க பல்லு... நல்லாயிருக்கா?"

"இதுக்கென்ன, ஜம்முனு இருக்கு! எல்லாரும் கேக்கறாங்க, எங்க கட்டினீங்கன்னு."

அன்றிலிருந்து எங்கு போனாலும் என் பற்கள் எதிரில் வந்தன. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணும்போது சிரித்தார், இரண்டு எரிந்தன. எங்கள் குடியிருப்பின் காவலாளி வணக்கம் சொன்னார், ஒன்று. எல்லாம் பகல் வெளிச்சத்தில், வடக்கு ஜன்னலே தேவைப்படாத அளவுக்குத் தெளிவாக. மஞ்சள் கண்ணுக்கு இரண்டு நிறங்களில் எது சரி என்று தெரியாமல் போனபோதெல்லாம் நான் வெளுப்பான பக்கமே சாய்ந்திருக்கிறேன். கேப் வெளுப்பாக இருக்கிறது என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அதைத்தான் நான் இத்தனை நாள் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கண்ணோடு மூன்று கேப் செய்தேன். பல வருடங்களில் முதல்முறையாக நிஜமாகவே பொருந்திய மூன்று. இரண்டு திரும்பி வந்தன.

"மங்கலா இருக்குன்னு சொல்றாங்களாம்மா" என்றார் ஓனர், சீட்டைப் படித்தபடி. "நம்ம லேப்ல இத்தனை வருஷத்துல ஒரு முன்பல் திரும்பி வந்ததில்ல."

"அது சரியான ஷேட்டுங்க. பக்கத்துப் பல்லோட வச்சுப் பாருங்க, கோடு கூடத் தெரியாது."

"தெரியலைங்கறதுதான் அவங்க குறையே. அந்தம்மா கேக்கறாங்களாம், புதுசுன்னு எதை வச்சு நம்பறதுன்னு." சீட்டை மடித்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? அந்த இன்னொரு கண்ணு இருக்கு பாரு, ஆபரேஷன் பண்ணாதது. அதை அப்படியே விட்டு வையேன். வேலைக்கு மட்டும்."

என் வாழ்நாளின் தொழில்திறமையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

எனக்கு ஓனர் பெரிய கவலையாக இல்லை. மருந்துக்கடைக்காரரும் இல்லை. அன்று முழுவதும் மனதுக்குள் ஒரே ஒரு பல்தான் இருந்தது, அதையும் ஒரு கை மூடிக்கொண்டிருந்தது.

*

"சாயங்காலமா வா" என்று சொல்வதற்கு முன்பே நான் சாயங்காலமாகத்தான் போனேன். அக்கா கூடத்து விளக்கைப் போட்டு உட்காரச் சொன்னாள். மாமா சோபாவில், முகத்தில் பேப்பரோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணு எப்படி இருக்கு? சொட்டு மருந்து ஒழுங்கா விடறியா?"

"விடறேன். நீ கொஞ்சம் ஈன்னு காட்டு."

"எதுக்குடி?"

"சும்மா. புதுக் கண்ணு. டெஸ்ட் பண்றேன்."

"போடி, வேற வேலை இல்ல உனக்கு." ஆனால் காட்டினாள், ஒரு விநாடி. வலது கண்ணால் பார்த்தேன். இடதுக்கு மாறிப் பார்த்தேன். எல்லாப் பற்களும் ஒரே மாதிரி, வெண்ணெயில் செய்த மாதிரி இருந்தன. வித்தியாசமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் பல்லை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன், அப்படியென்றால் அவள் நிஜமாகவே கர்வம் பிடித்தவள்தான் என்று ஒரே நேரத்தில் இரண்டு நிம்மதிகள்.

"இரு, குடிக்க ஏதாவது எடுத்துட்டு வரேன்" என்று அவள் சமையலறைக்குள் போனாள். நானும் பின்னால் போய் வாசல்படியில் நின்றேன். அவள் ஃபிரிட்ஜைத் திறந்து குனிந்தாள்.

கூடத்தில் மாமாவின் போன் அடித்தது. பேப்பர் விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் அவர் போனை எடுத்து, "ஆங்... இல்ல, அவர் தூங்கறாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்தில் வந்தார். இரண்டு கையிலும் அவள் பாட்டில் வைத்திருந்தாள். வாயை மூடக் கை இல்லை. சிரித்துவிட்டாள்.

ஃபிரிட்ஜ் விளக்கு வெள்ளை. அந்த வீட்டில் அக்கா மாற்ற முடியாமல் போன ஒரே விளக்கு. அதன் எதிரில் அவள் சிரித்த அந்த இரண்டு விநாடியில், ஆறு வருடமாக நான் பார்க்காதது எல்லாம் தெரிந்தது. ஓனருடையதை விட மோசம். அந்த முகத்தில் அது ஒன்று மட்டும் வேறொருவர் பல்லாக இருந்தது.

அவள் இடுப்பால் ஃபிரிட்ஜை மூடினாள். மூடியதும் பல் மறைந்தது. அவள் பழையபடி என் அக்காவாக, வெண்ணெய் நிறத்தில் நின்றாள். அப்போதுதான் தலைக்குள் ஒவ்வொரு பல்பாக எரிய ஆரம்பித்தது. கூடம், சமையலறை, குளியலறைக் கண்ணாடி, வாசல்.

"அக்கா," என்றேன், "பல்பெல்லாம் இதுக்குத்தானா?"

அவள் பாட்டிலை மேடையில் வைத்தாள். கை தானாக வாய்க்குப் போனது. "எதுக்குங்கற?"

"பல்லுக்கு."

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள். கேலியாக இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ கண்ணாடியைக் கையில குடுத்தியே, அப்பவே."

"அப்புறம் ஏன் அப்படியே இருக்குன்னு சொன்னே?"

"நீ நின்ன நிலைமை அப்படி. பரீட்சைப் பேப்பரைக் குடுத்துட்டு எதிர்லயே நிக்குமே ஒரு பிள்ளை, திருத்தற வரைக்கும் நகராம, அந்த மாதிரி நின்னே. இருபத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தவ நான். அந்த மூஞ்சிக்கு மார்க்கைக் குறைக்க எனக்குக் கை வராது."

"அதுக்காக ஆறு வருஷமா?"

"முதல்ல ஒரு மாசம்னு நினைச்சேன். நீயே பாத்து மாத்திடுவேன்னு. ஊருக்கே நிறம் பாக்கறவ, பாக்காமயா போயிடுவே?" அவள் கையை எடுத்தாள். இந்த வெளிச்சத்தில் எடுக்கலாம்தான். "ஸ்கூல்ல பசங்க எனக்கு டார்ச்சுன்னு பேர் வச்சிருந்தாங்க. டார்ச்சரைத்தான் சுருக்கியிருக்காங்க, ரொம்பப் படுத்தறேன் போலிருக்குன்னு ஒரு மாசம் வீட்டுப்பாடமே குடுக்கல. அப்புறம் ஒரு வாண்டு எழுந்து சொல்லுது, 'இல்ல மிஸ், நீங்க சிரிச்சா ஒண்ணு மட்டும் எரியுது மிஸ்'னு."

"அதனாலதான் ஆபீசுக்கு மாறினியா?"

"ஆபீஸ்ல யார் சிரிக்கறாங்க?"

நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஆறு வருடமாக ஒரு குறையை ஊட்டி வளர்த்திருக்கிறேன். கல்யாண வயதுக்கு வந்த பெண் மாதிரி அது என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்து இவள், அது உன் பிள்ளையே இல்லை என்கிறாள். நான் இனி அதை எங்கே கொண்டுபோய் விடுவது? என் அக்கா கர்வக்காரி என்பது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பது, அவள் அப்படியில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

"நான் இங்க உக்காந்து உனக்கு கெல்வின் பாடம் எடுத்தேனே, அன்னிக்காவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நல்லாத்தான் எடுத்தே. கடைக்காரர் சும்மா மஞ்சள் பல்புன்னு குடுத்தாரு. ஏன் மறையுதுன்னு உங்கிட்டதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

கூடத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். "அப்ப பல்பை மாத்தலாமா?"

"நீங்க தூங்கறீங்க!" என்றாள் அக்கா.

*

மறுவாரம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அக்கா லேபுக்கு வந்தாள். ஆறு வருடத்தில் நான் அவளைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தது அன்றுதான். வடக்கு ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, கழுத்தில் சாம்பல் துணியைக் கட்டி, பல்லை ஈரப்படுத்தச் சொன்னேன். அடுத்தவர்களுக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்தேன். கண்ணுக்குக் கீழே இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது? புருவத்தில் ஒரு வெள்ளை முடி. இவளை நான் ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கிறேன், விளக்கு வெளிச்சத்தில்.

ஏ-ஒன்றைப் பிடித்தேன். அது அந்த கேப்போடுதான் பொருந்தியது. ஏ-இரண்டு இல்லை. ஏ-மூன்று இல்லை. ஐந்து விநாடி, கண்ணை ஆற்றச் சாம்பல் அட்டை, மறுபடி ஐந்து விநாடி. ஏ-மூன்றரையைப் பக்கத்தில் வைத்ததும் அது பல் வரிசைக்குள் காணாமல் போனது.

"இதுதான்" என்று கண்ணாடியைக் கொடுத்தேன். இந்த முறை எதிரில் நிற்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"ஐயே," என்றாள் அக்கா. "என்னடி இது, டீக் கறை மாதிரி. என் பல்லா இது?"

"உன் பல்லுதான். வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்."

"அப்ப இந்த வெள்ளை யாரோடது?"

அதை அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "உன்னோடதுதான். நான் அன்னிக்குப் பாத்து எழுதல. மனசுல இருந்ததை எழுதினேன். உனக்கு இருபது வயசுல எப்படி இருந்துச்சோ அதை."

அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி அந்தப் பல்லை நாக்கால் ஒருமுறை தொட்டாள். "இது மட்டும் இருந்துட்டு மத்ததையெல்லாம் மாத்த முடியாதா?" என்றாள்.

"முடியும். மேல்வரிசைக்கே பதினஞ்சு கேப் ஆகும்."

"வேண்டாம், மாமா என்னை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாரு."

ஒரு வாரத்தில் புது கேப் தயாரானது. உலையில் இரண்டு முறை வைத்து எடுத்தேன். ஈறுக்கு அருகில் கொஞ்சம் பழுப்பு, நுனியில் கொஞ்சம் கண்ணாடி, நடுவில் நிஜப் பல்லில் இருக்கும் மெல்லிய விரிசல் கோடு ஒன்று கூட வரைந்தேன். என் இருபத்தெட்டு வருட வேலையில் அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். அதன் அழகு, யாருக்கும் தெரியாமல் இருப்பது.

மாடியில் மாட்டிக்கொண்டு அக்கா இறங்கி வந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வலதால் மட்டும் பார்த்தேன். எது நான் செய்தது என்று எனக்கே தெரியவில்லை. ஓனர் எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் தயக்கத்தோடு. "கொஞ்சம் பளிச்சுனு வச்சிருக்கலாம்." யோசனையாக என் இடது கண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்கு ஆபரேஷன் இன்னும் ஆறு நாளில். அதுவும் போய்விட்டால் எல்லாக் கேப்பும் திரும்பி வருமோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் இல்லாமலில்லை. ஆனாலும் அன்று காலைதான் கண் டாக்டருக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று உறுதி சொல்லியிருந்தேன்.

"சிரி" என்றேன் அக்காவிடம்.

"சும்மா எப்படிடி சிரிக்கறது?"

மேஜைமேல் இருந்த லேப் போனைப் பார்த்தேன். எழுந்து நின்று, இல்லாத சீப்பை எடுத்து, வகிடு எடுத்து, பக்கவாட்டில் படிய வாரி, முன்முடியைச் சுருட்டிவிட்டேன். அக்காவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. நிதானமாக ரிசீவரை எடுத்தேன்.

"நான் இல்ல. வெளியே போயிருக்கேன்."

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மற்ற கை, யாரும் கூப்பிடாமலேயே எழுந்து போய் வாயை மூடிக்கொண்டது.

"எடுக்கா கையை!"

"வரலைடி," என்றாள் கைக்குள்ளிருந்து. கையை இழுத்துக் கீழே விட்டாள். மறுபடி சிரிப்பு வந்தது. மறுபடி அது மேலே போனது. தன் கையைத் தானே பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. அதுவும் விடவில்லை. இத்தனை நுணுக்கமாகச் செய்த பல்லை நான் இன்னும் ஒருமுறைகூட முழுச் சிரிப்பில் பார்க்கவில்லை. அவள் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். நான் நன்றாகப் பார்ப்பதற்காக இந்த ஒரு மாதப் பழக்கத்தில் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவளுக்கு எதிரில் குந்தினேன்.

சத்தம் கேட்டு ஓனர் உள்ளேயிருந்து வந்தார். "என்னம்மா இது, ஆளுக்கு ஒண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. அக்காதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயிலிருந்து கையை எடுக்காமலே, சித்தப்பா குரலில் சொன்னாள்:

"நாங்க இல்ல. வெளியே போயிருக்கோம். வந்ததும் சொல்றோம்."